குழிப்பட்டை

அந்தக் குழிப்பட்டையைக் கேட்டு இந்த வருஷமும் ஆள் வந்தது. இந்தத் தடவை ஒரு சின்னப் பெண். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோலப் பட்டையைத் தூக்கிப் பார்த்தாள். காட்சிசாலையில் கண்ணாடிப் பெட்டி தயாராக இருக்கிறதாம். ருஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மன் குடும்பங்களின் கைநெசவில் மிஞ்சியிருப்பதே கொஞ்சம்தானாம், அதையாவது காப்பாற்ற வேண்டுமாம். எல்லாம் சரிதான். நானும் காபி போட்டுக் கொடுத்தேன், பிளம்ஸ் கேக் வெட்டி வைத்தேன். அதற்குப் பிறகாவது அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"இந்தப் பழுப்புக் கறையை நாங்க மருந்து போட்டு எடுத்துடுவோம்மா" என்றாள்.

"எடுப்பே, எடுப்பே. முதல்ல நீ எந்திரி" என்றேன்.

கேக்கை முழுங்கக்கூட விடவில்லை, பாவம். அவளுக்கு என்ன தெரியும்? ஒரு மனுஷனின் உள்ளங்கை ரத்தம் அது. சலோமியா மதினி எத்தனை தடவை சாம்பல் தண்ணீரில் அலசியும் போகாத கறை. அது அங்கேயே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன். எனக்கு முன்பற்கள் இல்லை, பேசினால் பாதி காற்றாகத்தான் வரும். அதுவும் இந்தப் பட்டையைச் சேர்ந்த கதைதான்.

சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்குகிற சணல் பட்டைக்குத்தான் எங்கள் ஜனத்தில் குழிப்பட்டை என்று பெயர். நாலு விரல் அகலம், ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு நீளம். கல்யாணமாகிப் போகிற பெண் தாய்வீட்டுத் தறியில் நெய்த பட்டை ஒன்றைக் கொண்டுபோவாள். தலைப்பக்கம் ஒரு பட்டை, கால்பக்கம் ஒரு பட்டை. இறக்கியதும் உருவி எடுத்து, சாம்பல் தண்ணீரில் அலசி, அடுத்த சாவு வரை ஆணியில் மாட்டி வைப்போம். கயிற்றில் இறக்குவது எங்களுக்குப் பெரிய அவமானம். கயிறு மாட்டுக்கு.

என் அண்ணன் ரைன்ஹோல்டின் பெண்டாட்டிதான் சலோமியா. அவள் கொண்டுவந்த பட்டை ருஷ்யாவின் பெசரேபியா சீமையில் அவள் அம்மா நெய்தது. ஓரத்தில் சிவப்பு நூலில் அந்த அம்மாவின் பெயரும் வருஷமும் இருக்கும். ஊரில் பாதிப் பேரைக் குழிக்குள் இறக்கிய பட்டை அது. சலோமியாவுக்கு அதில் அப்படி ஒரு கர்வம். நெசவில் அவளை மிஞ்ச இந்தப் புல்வெளியில் ஆள் கிடையாது, அதை அவளே சொல்லிக்கொண்டும் திரிவாள். தறியில் உட்கார்ந்தால் கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். கோதுமை மூட்டைக்குச் சாக்கு, குதிரைக்குப் போர்வை, படுக்கை விரிப்பு, எல்லாம் அவள் கைதான். எனக்கும் அவளுக்கும் நித்தம் ஒரு சண்டை நடக்கும், ஆனால் அவளைத் தவிர எனக்கு வேறு சிநேகிதி இல்லை.

அந்த வருஷம் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் யுத்தம் உச்சத்தில் இருந்தது. ஜெர்மனியின் ராஜா கைசரை எங்களில் ஒருவர்கூடக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் கொள்ளுத்தாத்தாக்கள் காலத்திலேயே அந்த நாட்டை விட்டுவிட்டு ருஷ்ய மண்ணுக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவில் இந்த டகோட்டாவுக்கு வந்த ஜனம் நாங்கள். அதையெல்லாம் டவுன்காரனிடம் யார் சொல்வது? ஜெர்மன் பேசக்கூடாது என்று தபாலாபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். மரக்கடை ஸ்டோக்ஸ் என்று ஒருவன். அவனே ஒரு கமிட்டி போட்டு, அவனே தலைவன் ஆகி, யார் வீட்டில் என்ன பாஷை பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக்கொண்டு திரிந்தான்.

அப்போதுதான் எங்கள் ஜனத்துப் பெரியவர் பல்தசார் ஓப் மாமாவின் ஒரே மகன் எடுவார்ட் பெட்டிக்குள் வந்து சேர்ந்தான். அமெரிக்கப் பட்டாளத்தில் சேர்ந்தவன், முகாமிலேயே காய்ச்சல் கண்டு செத்துப்போனான். பெட்டியின் மேல் அமெரிக்கக் கொடி. கூடவே ஸ்டோக்ஸும் அவன் ஆட்களும் வந்தார்கள், இறக்குவதற்குப் புதுக் கயிறு கொண்டுவந்திருந்தார்கள். சலோமியா விடுவாளா?

"கயித்துல இறக்க இவன் என்ன கன்னுக்குட்டியா? மாமா, நீங்களே சொல்லுங்க" என்று ஓப் மாமாவைப் பார்த்துக் கேட்டாள்.

மாமா அழுதுகொண்டே சொன்னார்: "பட்டையிலயே இறக்குங்கம்மா. அவன் அம்மாவையும் அதுலதானே இறக்குனோம்."

தலைப்பக்கம் சலோமியாவின் பட்டை. ஒரு நுனியை ரைன்ஹோல்ட் பிடித்திருந்தான். அத்தனை வருஷம் ஈரத்திலும் வெயிலிலும் கிடந்த சணல். சிறந்த நெசவுக்காரி என்று பெயர் வாங்கியவள் அதை ஒரு தடவை இழுத்துப் பார்த்திருக்கக் கூடாதா? பார்க்கவில்லை. அம்மா நெய்தது கிழியும் என்று நினைப்பதே பாவம் அவளுக்கு. பாதிக் குழியில் பட்டை ஓரத்திலிருந்து பாதி அகலம் கிழிந்து, பெட்டி சரிந்து, தலைகுப்புறப் போய் விழுந்தது. உள்ளே அந்தப் பையன் புரண்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஓப் மாமா போட்ட அலறல் இருக்கிறதே, ஐயோ, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

ஸ்டோக்ஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு, "நம்ம சிப்பாயைக் குப்பை மாதிரி கொட்டிட்டானுங்க" என்று தன் ஆட்களிடம் சொன்னான். அப்படியே கிளம்பிப் போனான்.

சலோமியா அன்றே பட்டையைக் கொண்டுபோய் வைக்கோல் கொட்டகைச் சுவரின் உச்சி ஆணியில் மாட்டினாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தறிச் சத்தமும் நின்றது. வாய் ஓயாத மனுஷி சூப்புக்கு உப்புப் போதுமா என்றுகூடக் கேட்காமல் வளைய வந்தால் வீடு எப்படி இருக்கும்? எனக்கே சண்டைக்கு ஆள் இல்லாமல் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது.

ரைன்ஹோல்ட் குதிரைச் சேணம் தைக்கிறவன். சலோமியா அவள் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேணக் கொட்டிலுக்குப் போனேன். மடியில் அந்தப் பட்டையைப் போட்டுக்கொண்டு அவன் தைத்துக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி அண்ணே, மதினி பார்த்தா உன் தோலை உரிச்சிடுவா" என்றேன்.

"கத்தாதேடி. கிட்ட வந்து பாரு."

பார்த்தேன். சேணத்துக்குப் போடுகிற மெழுகு நூலை ஊசியில் கோத்து, பழைய பாவு நூல் போன வழியிலேயே, நெசவுக்கு உள்ளேயே ஓட்டியிருந்தான். ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை, ஒரு நூல் விடாமல். மேலே சாம்பலைத் தேய்த்துப் புது நூலையும் பழசாக்கிவிட்டான். கிழிந்த இடத்தை விரலால் தடவினால்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

"அவ அம்மா நெய்ததுல நான் கைவெச்சேன்னு தெரிஞ்சா மனசு ஒடைஞ்சிடுவா. சொல்லிடாதே. அடுத்த சாவுக்கு யாராவது இதை எடுப்பாங்க. தாங்கும். அம்மா பட்டை தாங்கிடுச்சுன்னு அவளா நெனச்சுக்கட்டும், மறுபடி தறியில உட்காருவா" என்றான்.

"நீ தைச்சது தாங்குமா?"

சிரித்தான். பட்டையை உத்திரத்தில் போட்டு, இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு, காலை மடக்கித் தொங்கி, சின்னப் பையன் மாதிரி முன்னும் பின்னும் ஆடினான். "பாரு ஒட்டிலியா. என்னை மாதிரி மூணு பேரைத் தாங்கும்!"

நானும் சிரித்தேன். சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். பட்டையை அவனே பழையபடி உச்சி ஆணியில் மாட்டினான்.

அவர்கள் வந்தது அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோழிச் சூப்பை அப்போதுதான் மேஜையில் வைத்தேன். மூன்று கார் நிறைய ஆட்கள். ஸ்டோக்ஸ் முதலில் இறங்கினான். துப்பாக்கியோடு ஒருவன் அவன் பின்னாலேயே வந்தான். மற்றவர்கள் கையில் கோடாலிப் பிடி, மண்ணெண்ணெய் டப்பா. கடைசிக் காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்துத்தான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். பல்தசார் ஓப் மாமா.

"நீங்களுமா மாமா?" என்று சலோமியா கேட்டாள்.

மகன் விழுந்த நாளிலிருந்து அவர் யாரோடும் பேசவில்லை என்று தெரியும். ஆனால் இவர்களோடு காரில் ஏறுவார் என்று யார் நினைத்தது?

"ஜெர்மன் எழுத்து இருக்கிற அத்தனையும் வெளியே வரணும்" என்றான் ஸ்டோக்ஸ், ஆங்கிலத்தில்.

அவன் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவர்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள். பெட்டியை உடைத்தார்கள். விரிப்பு, துண்டு, பெயர் நெய்த சாக்கு, தொட்டில் துணி, எல்லாம் முற்றத்தில் குவிந்தது. எங்கள் நெசவில் எழுத்து இல்லாத துணி ஏது? கால்பக்கத்துக்கு வைத்திருந்த இன்னொரு பட்டையும் அதில் போயிற்று. தறியைக் கோடாலியால் பிளந்து, விறகாக அதே குவியலில் போட்டார்கள். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தபோது சலோமியா எங்கள் பாஷையில், "நாசமாப் போவீங்கடா, உங்க கை அழுகிப் போக!" என்று கத்தினாள். ஸ்டோக்ஸ் அவளை ஓங்கி ஒரு அறை அறைந்தான்.

"அந்த பாஷையில இன்னொரு வார்த்தை வந்துச்சு, வாயில பல்லு இருக்காது. ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்."

ரைன்ஹோல்ட் பாய்ந்தான். நாலு பேர் சேர்ந்து அவனைத் தரையில் போட்டு மிதித்தார்கள். கொடிக்கு முத்தம் கொடு என்றார்கள். கொடுத்தான். அவனுக்கு அதில் என்ன கஷ்டம், எடுவார்டின் பெட்டி மேல் அவனே மடிப்புக் கலையாமல் விரித்த கொடிதானே அது. முத்தம் கொடுத்த வாயிலேயே பூட்ஸ் காலால் உதைத்தார்கள். விலா எலும்பு உடைகிற சத்தம் காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி கேட்டது.

"பட்டையைப் புடிச்சவன் நான். என்னை அடிங்க. பொம்பளைங்களை விடுங்க" என்றான், ரத்தத்தைத் துப்பிவிட்டு, அவனுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"உன்னைத்தான்டா. நம்ம பையனைத் தலைகுப்புறப் போட்டவன் நீதானே. கொட்டகைக்கு இழுத்துட்டு வாங்க."

இழுத்துப்போனார்கள். எங்கள் இரண்டு பேரையும் தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே போனதும் ஸ்டோக்ஸ் ஒரு கயிற்றை எடுத்துக் காட்டினான்.

"அன்னிக்கு வேணாம்னீங்களே, அதே கயிறு."

அதை உத்திரத்தில் வீசிப் போட்டார்கள். என் அண்ணனைத் தூக்கில் போடப்போகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சலோமியா கயிற்றைப் பார்த்தாள், உச்சி ஆணியைப் பார்த்தாள். திடீரென்று ஓடிப்போய்ச் சுவரில் சாய்த்திருந்த ஏணியில் ஏறி, இருட்டில் மடிந்து தொங்கிய பட்டையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு ஓலமிட்டாள்.

"இது வேணாம்! எல்லாத்தையும் எரிங்க, இதை மட்டும் விடுங்க! என் அம்மா கை! இதைத் தொடாதீங்க சாமி!" அரைகுறை ஆங்கிலம்தான், ஆனால் ஊருக்கே புரிகிற மாதிரி கத்தினாள்.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புருஷன் கழுத்துக்குக் கயிறு வருகிறபோது இவள் பட்டைக்கு அழுகிறாளே, பைத்தியமா என்று கோபம் வந்தது. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன். சலோமியா நிஜமாக அழுதால் மூக்கு தக்காளியாகச் சிவந்துவிடும். அன்று சிவக்கவில்லை. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அதுதானா?" என்று ஸ்டோக்ஸ் ஓப் மாமாவைக் கேட்டான்.

மாமா ஏணியில் நின்றவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "அதுதான்" என்றார்.

"அட, கயித்தைத் தூக்கி எறிங்கடா. இதுலயே தொங்கட்டும்."

அவளை ஏணியிலிருந்து பிடித்து இழுத்துக் கீழே போட்டு, பட்டையை எடுத்துக்கொண்டார்கள். கீழே விழுந்தவள் முகத்தை மறைத்துக்கொண்டாள். அழுகையை மறைப்பதாக அவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரியும், அவள் மூச்சு விட்டாள். கிழிந்த பட்டை. ஒரு பெட்டியையே தாங்காத பட்டை. இழுத்ததும் அறுந்து விழும், அவன் பிழைப்பான், இவர்களும் கடவுள் காரியம் என்று பயந்து ஓடுவார்கள். அவள் கணக்கு அதுதான். என்ன மூளை அவளுக்கு! அந்த மூளையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் ரைன்ஹோல்டைப் பார்த்தேன். கையைப் பின்னால் கட்டி, பட்டையைக் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவனும் என்னைத்தான் பார்த்தான். வீங்கிய முகத்தோடு, லேசாக, வேண்டாம் என்று தலையாட்டினான். சொல்லிடாதே. கயிறாக இருந்தாலும் பட்டையாக இருந்தாலும் அவன் கதை ஒன்றுதான், அவளாவது நம்பிக்கையோடு நிற்கட்டும் என்று நினைத்தானோ என்னவோ. முட்டாள். நல்லவன், ஆனால் முட்டாள்.

பட்டையை உத்திரத்தின் மேல் போட்டு, மறு நுனியை மூன்று பேர் பிடித்தார்கள். முன்னால் ஸ்டோக்ஸ். நடுவில் யாரோ ஒரு தடியன். கடைசியில், நம்பமாட்டீர்கள், ஓப் மாமா. அவர் கையும் அதில் இருந்தது.

இழுத்தார்கள். என் அண்ணனின் கால் தரையை விட்டு எழும்பியது. சணல் கிறீச்சென்று முனகியது. சலோமியா எழுந்து நின்று, கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, கிழிசல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அறும், இதோ இப்போது அறும் என்று உதடு துடித்தது. அவன் முகம் கறுத்துக்கொண்டே போனது. கால் காற்றில் உதைத்தது. அவள் அசையவில்லை. பட்டை கிழியும் என்று இவள் நம்பிக்கொண்டு நிற்கிற நேரத்தில் அவன் செத்துப்போவான் என்று எனக்குப் பட்டது. சத்தியமாவது மண்ணாவது.

எங்கள் பாஷையில் தொண்டை கிழியக் கத்தினேன்: "மதினி, அது கிழியாது! அண்ணன் தைச்சிட்டான்! முழுசும் மெழுகு நூல் ஓட்டியிருக்கான்! கிழியாதுடி!"

துப்பாக்கிக்காரன் கட்டையைத் திருப்பி என் வாயில் இடித்தான். பல் தொண்டைக்குள் போனதைத்தான் முதலில் உணர்ந்தேன், வலி அப்புறம்தான் வந்தது. விழுந்தேன். ஆனால் கண்ணை மூடவில்லை.

நான் கத்தியது அங்கே இரண்டு பேருக்குத்தான் புரிந்தது. ஒருத்தி சலோமியா. அவள் முகம் மாறியதை என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். கொட்டகைத் தூணில் ஆணிச்சீப்பு மாட்டியிருக்கும். சணல் நார் சீவுகிற பலகை அது, விரல் நீள இரும்பு ஆணிகள் முழுக்க மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடுங்கினாள். ஓடினாள். பட்டையை இறுக்கிப் பிடித்திருந்த ஸ்டோக்ஸின் கைகள் மேல், தலைக்கு மேல் ஓங்கி, முழுப் பலத்தோடு இறக்கினாள். ஆணிகள் அந்தப் பக்கம் போய் வெளியே வந்தன. மனுஷன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பிடுங்கி மறுபடி இறக்கினாள், முகத்தில்.

இரண்டாவது ஆள் ஓப் மாமா. நான் கத்தியதைக் கேட்டதும் கையைச் சுட்டுக்கொண்டவர் மாதிரி பட்டையை விட்டுவிட்டார்.

ஸ்டோக்ஸும் விட்டான், மாமாவும் விட்டார். நடுவில் இருந்த தடியன் ஒற்றை ஆளாகப் பிடித்து நிறுத்த முடியாமல் அவனும் விட்டான். என் அண்ணன் உத்திரத்தின் உயரத்திலிருந்து, கை கட்டியபடியே, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற கல்தொட்டியின் விளிம்பில் வந்து விழுந்தான்.

துப்பாக்கிக்காரன் சலோமியாவுக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டினான். ஓப் மாமா குறுக்கே போய் நின்று, "என்னைச் சுடு. என்னைச் சுடுடா" என்று குழலைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவன் சுடவில்லை, அவரைத் தோளில் அடித்துத் தள்ளினான். ஸ்டோக்ஸ் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஊளையிட்டுக்கொண்டிருந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு, வந்த வேகத்தில் போனார்கள். முற்றத்தில் துணிக் குவியல் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

ரைன்ஹோல்டுக்கு உயிர் இல்லை. கழுத்து பட்டையில் முறிந்ததா, கல்தொட்டியில் முறிந்ததா என்று எவராலும் சொல்ல முடியவில்லை. ஷெரீப் வந்தார், பரணிலிருந்து தவறி விழுந்தான் என்று எழுதிக்கொண்டு போனார். போகும்போது எனக்குப் பல்லுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். சூப்பில் எலும்பு கடித்தேன் என்றேன். வேறென்ன சொல்ல, அவர் தொப்பியில் துப்பத்தான் ஆசை, வாயில் அதற்கும் வலு இல்லை.

உடம்பைக் கழுவும்போது சலோமியா பட்டையை மடியில் போட்டுக்கொண்டு கிழிந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எப்போ தைச்சாரு?"

"நீ ஒன் தங்கச்சி வீட்டுக்குப் போன நாள்ல."

"எல்லாமா?"

"ஒரு நூல் விடாம."

"ஏண்டி எங்கிட்ட சொல்லலை?"

"சொல்லாதேன்னான். ஒனக்கு மனசு ஒடைஞ்சிடுமாம்."

அறைந்தாள். உடைந்த வாயிலேயே அறைந்தாள். கண்ணுக்குள் மின்னல் வெட்டியது. நானும் விடவில்லை, ஈரக் கையாலேயே திருப்பி அறைந்தேன். அப்புறம் இரண்டு பேரும் அவன் உடம்பின் மேல் விழுந்து, ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதோம். என்மேல் தப்பு என்று நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளமாட்டேன். அவள் மேலும் தப்பில்லை. கொன்றவர்கள் காரில் வந்தவர்கள். அவ்வளவுதான்.

அடக்கத்துக்கு ஜனம் வந்தது, ஆனால் ஒரு வீட்டிலிருந்தும் பட்டை வரவில்லை. பயந்துபோய் எல்லோரும் தங்களுடையதை அடுப்பில் போட்டுவிட்டிருந்தார்கள். பாதிரியார் தயங்கித் தயங்கி, கயிறுதான் இருக்கிறது என்றார்.

"கால்பக்கம் கயிறு போடுங்க. தலைப்பக்கம் இது" என்று சலோமியா பட்டையை எடுத்துப் போட்டாள்.

ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கழுத்தை இறுக்கிய பட்டையிலேயா இறக்குவது, அதுவும் ஏற்கனவே கிழிந்த பட்டை, மறுபடி தலைகுப்புறப் போய்விட்டால் என்ன செய்வது என்றெல்லாம் பேசினார்கள்.

"கிழியாது. அவர் தைச்சது" என்றாள்.

ஒரு நுனியை நான் எடுத்துக்கொண்டேன். மறு நுனிக்கு ஆள் வேண்டும். கல்லறைத்தோட்டக் கதவுக்கு வெளியே, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஓப் மாமா நின்றிருந்தார். உள்ளே வந்தால் அடித்தே கொல்லுவோம் என்று எங்கள் பையன்கள் கதவில் நின்றார்கள். எனக்கும் அதே ஆசைதான், மறைக்கவில்லை. சலோமியா குழியைச் சுற்றிக்கொண்டு நேராக அவரிடம் போனாள்.

அவர் முழங்காலில் விழுந்தார். "அறுந்துடும்னு நெனச்சேம்மா. நீ ஏணியில ஏறுனப்பவே எனக்கு வெளங்கிடுச்சு. அது தாங்காதுன்னு எனக்குத் தெரியாதா? என் புள்ளையைப் போட்ட பட்டை. அதனாலதாம்மா புடிச்சேன். அறுந்துடும்னுதான் புடிச்சேன்."

"எந்திரிங்க மாமா."

கையைப் பிடித்து எழுப்பி, எல்லோர் நடுவிலும் கூட்டிக்கொண்டு வந்தாள். தலைப்பக்கத்துப் பட்டையின் மறு நுனியை, ஸ்டோக்ஸின் ரத்தம் காய்ந்திருந்த அந்த நுனியை, அவர் கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"புடிங்க. இந்தத் தடவை விட்டுடாதீங்க."

இறக்கினோம். மெழுகு நூல் உள்ளே இறுகுவது என் உள்ளங்கையில் தெரிந்தது. பெட்டி ஒரு பக்கம்கூடச் சாயாமல், ஒரு சத்தமும் இல்லாமல், அடிமண்ணில் போய் உட்கார்ந்தது. பட்டையை உருவ வேண்டும், நான் என் நுனியை விட்டுவிட்டேன். ஓப் மாமா விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். சலோமியா பக்கத்தில் போய் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பட்டையை வாங்கவேண்டியிருந்தது.